வாசலிலேயே நின்றுவிடும் ஷூ: ஐ.சி.யூ. செவிலியர் ஒருவரின் குதிகால் வலி – நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் செவிலியர் தனி ஒருவர் அல்ல. ஒரே மாதிரியான குதிகால் வலியோடு பிசியோதெரபிக்கு வந்த சிலரின் விவரங்களை, அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக ஒரே ஆளாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன். அளவுகளும் அப்படித்தான், இந்த வகை நோயாளிகளிடம் வழக்கமாகப் பார்ப்பவை. சேர்த்து எழுதக் காரணம், எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றே: "எந்த ஷூ வாங்கலாம் சார்?" அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. நாள் முழுக்க, மணிக்கு மணி, உங்கள் காலடியில் என்ன இருக்கிறது? இதை யாரும் கேட்பதில்லை.

வந்தபோது இருந்த நிலை

வயது 38. மாவட்டத் தலைநகர் ஒன்றில் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். 14 வருட அனுபவம், அதில் கடைசி 3 வருடம் ஐ.சி.யூ.வில். உயரம் 154 செ.மீ., எடை 68 கிலோ. வலது குதிகாலில் 7 மாதமாக வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் நாலைந்து அடிதான் மோசம்; பத்துக்கு எட்டு என்று சொன்னார். சமையலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கொஞ்சம் தணியும். டூட்டியின் பின்பாதியில் மறுபடி ஏறும். மதியம் சாப்பிட உட்கார்ந்து எழுந்தால் காலை மாதிரியே குத்தும்.

எக்ஸ்ரே ஏற்கெனவே எடுத்திருந்தார். அதில் குதிகால் எலும்பின் அடியில் சிறு முள் போன்ற வளர்ச்சி தெரிந்தது. "எலும்பு வளர்ந்துடுச்சு, ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்" என்று உடன் வேலை பார்ப்பவர்கள் பயமுறுத்தியிருக்கிறார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அதே முள் இருக்கிறது. வலி வருவது பெரும்பாலும் அந்த முள்ளால் அல்ல என்பதை அவருக்குப் புரிய வைக்கவே முதல் நாளில் பாதி நேரம் போனது. அந்த நேரம் வீணாகவில்லை. பயத்தோடு காலை ஊன்றுகிறவர் நொண்டி நடப்பார். நொண்டி நடந்தால் அடுத்து முழங்காலும் இடுப்பும் வலிக்க ஆரம்பிக்கும்.

ஒரு ஸ்டீராய்டு ஊசியும் போட்டிருந்தார். சில வாரம் நன்றாக இருந்து, வலி திரும்ப வந்துவிட்டது. இரண்டாவது ஊசிக்குப் போகலாமா என்ற யோசனையில்தான் வந்தார். ஊசி கூடவே கூடாது என்று நான் சொல்வதில்லை. ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியலாம், தசைநார்ப் பட்டை கிழியவும் வாய்ப்பு உண்டு. வலிக்கான காரணம் அப்படியே இருக்கும்போது ஊசி சில வார அவகாசம் மட்டுமே வாங்கித் தரும்.

பரிசோதனை

குதிகாலின் அடியில், உட்புற ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் சரியாக அதே இடத்தில் வலி. கால் பெருவிரலை மேல்நோக்கி மடக்கினாலும் அங்கேயே இழுத்தது. குதிகாலை இரு பக்கமும் சேர்த்துப் பிழிந்து பார்த்ததில் வலி இல்லை. அதனால் எலும்பில் நுண்முறிவு இருக்கும் சந்தேகம் குறைந்தது. மரமரப்பு இல்லை, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் 10 கிராம் இழை சோதனையில் உணர்ச்சி சரியாக இருந்தது. முழங்காலை நீட்டி வைத்துக் கணுக்காலை மேல்நோக்கி மடக்கியபோது வலது பக்கம் 4 டிகிரி, இடது பக்கம் 9 டிகிரி. கெண்டைக்கால் நன்றாக இறுகியிருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்.பி.ஏ.1.சி.) 6.1 சதவீதம், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. பிளான்டார் ஃபேஷியைட்டிஸ் என்று எல்லோரும் சொல்லும் அதே பிரச்னைதான்: குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலைத் தாங்கிப் பிடிக்கும் தசைநார்ப் பட்டை, குதிகாலில் ஒட்டும் இடத்தில் பழுதாகியிருக்கிறது.

அதிக நேரம் நின்று வேலை பார்ப்பது, உடல் எடை, கணுக்கால் மடங்காமல் இறுகியிருப்பது ஆகிய மூன்றும் இந்த வலிக்கு நன்றாக அறியப்பட்ட காரணங்கள். மூன்றுமே இவரிடம் இருந்தன. எடையை ஒரு மாதத்தில் குறைத்துவிட முடியாது, நிற்கும் வேலையையும் விட முடியாது. உடனே மாற்றக்கூடியது கெண்டைக்காலின் இறுக்கமும் காலடியில் இருப்பதும்தான்.

பழைய காலணி சொன்ன கதை

டூட்டிக்குப் போட்டுப்போகும் எல்லாக் காலணிகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று ஜோடி வந்தன.

முதலாவது கறுப்பு நிற பெல்லி ஷூ. யூனிஃபார்முக்குப் பொருத்தம், விலை குறைவு, மாட்டுவது சுலபம். நம் ஊரில் பாதிச் செவிலியர்களின் காலில் இதுதான் இருக்கிறது. சோல் தட்டையாக, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாமல் இருந்தது. பின்பக்கத்தை இரண்டு விரலால் அழுத்தினாலே மடங்கியது. உள்ளே பார்த்தால் ஐந்து விரல்களின் நுனியும் ஆழமாகப் பதிந்து குழியாகியிருந்தன. ஷூ கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வொரு அடியிலும் விரலால் கவ்விப் பிடித்து நடந்திருக்கிறார்.

சைஸைப் பார்த்தேன்: 5. பாதத்தை அளந்தால் வலது 23.4 செ.மீ., இடது 23.1 செ.மீ. நீளத்துக்கு 4 போதும். "4 போட்டா பக்கவாட்டுல பிடிக்குது சார், அதான் ஒரு சைஸ் கூட எடுத்தேன்" என்றார். இது அவருடைய தவறே இல்லை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலம். கடையில் கிடைப்பவை ஒடுக்கமாக இருப்பதால் நம்மவர்கள் தேவைக்கு மேல் நீளமான ஷூவை வாங்கிப் போடுகிறார்கள் என்று தெரிய வந்தது. அதன் பிறகுதான் 'பா' என்ற இந்திய அளவுமுறை முன்மொழியப்பட்டது. அகலத்துக்காக நீளத்தைக் கூட்டினால் குதிகால் பின்னால் நழுவும், ஷூ மடங்கும் இடம் விரல்மூட்டுக்கு நேராக வராமல் முன்னே தள்ளிப் போகும். அகலமான அச்சில் செய்த, சரியான நீளமுள்ள ஷூவைத் தேடுவதுதான் வழி. கயிறோ வெல்க்ரோவோ இருந்தால் மேல்பகுதியைத் தளர்த்தியும் இறுக்கியும் சரிசெய்துகொள்ளலாம். பெல்லி ஷூவில் அதற்கு வழியே கிடையாது.

இரண்டாவது ஜோடி, வலி வந்த பிறகு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய ஓட்டப்பயிற்சி ஷூ. தடித்த சோல், மெத்து மெத்தென்ற உள்பகுதி, மேலே வலைத்துணி. ஷூவாகப் பார்த்தால் மோசமில்லை. ஆனால் வாங்கி இரண்டு மாதமாகியும் வலி குறையவில்லை. "இவ்வளவு காசு போட்டும் ஒண்ணும் ஆகலயே" என்ற ஆதங்கம் அவருக்கு.

மூன்றாவது ஜோடி அவருடையதே இல்லை. ஐ.சி.யூ. வாசலில் கிடக்கும் பொதுச் செருப்பு ஒன்றைப் போட்டோ எடுத்து வந்திருந்தார். நீல நிற ரப்பர் செருப்பு. குதிகால் படும் இடம் தேய்ந்து அட்டை மாதிரி ஆகியிருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு. எது கைக்கு வருகிறதோ அதை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

இந்த போட்டோவைப் பார்த்ததும், மற்ற இரண்டு ஜோடிகளை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாள் எடுத்தோம்.

காலடிக் கணக்கு

அவருடைய பகல் டூட்டி நாள் ஒன்றை மணி வாரியாக எழுதினோம். காலை 5 மணிக்கு எழுகிறார். 7 மணி வரை வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்கால். சமையல், குழந்தைகளைக் கிளப்புவது எல்லாம் அதில்தான். 7 முதல் 8 வரை பஸ், நடை. அப்போது அந்த விலை உயர்ந்த ஷூ. 8 மணிக்கு ஐ.சி.யூ. வாசலில் ஷூ கழற்றப்படுகிறது. அதிலிருந்து 5 மணி வரை, சாப்பாட்டுக்கு வெளியே வரும் அரைமணி நேரம் போக, பொதுச் செருப்பு. 5 முதல் 6 வரை மறுபடி ஷூ. 6 மணியிலிருந்து இரவு 10.30-க்குப் படுக்கும் வரை வெறுங்கால்.

கூட்டிப் பார்த்தால்: விழித்திருக்கும் பதினேழரை மணி நேரத்தில் நல்ல ஷூ இரண்டரை மணி நேரம், அதிலும் ஒரு பகுதி பஸ்ஸில். வெறுங்கால் ஆறரை மணி நேரம். தேய்ந்த பொதுச் செருப்பு எட்டரை மணி நேரம். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, டிராலி தள்ளுவது, கட்டிலோரம் நின்றபடியே சார்ட் எழுதுவது, அவசரத்துக்கு ஓடுவது, இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்துவது என்று உடம்பின் முழு பாரமும் காலில் இறங்கும் வேலை எல்லாமே அந்தச் செருப்பின் மேல் நடந்திருக்கிறது. பின்பட்டை இல்லாத செருப்பைப் போட்டுக்கொண்டு வேகமாக நடக்கிற யாரும் விரலால் கவ்வித்தான் ஆக வேண்டும். நாள் முழுக்க அப்படிக் கவ்விக்கொண்டே இருந்தால் உள்ளங்காலின் சிறு தசைகளுக்கு ஓய்வே இல்லை. குதிகாலுக்குத் தாங்கலும் இல்லை.

ஐயாயிரம் ரூபாய் ஷூ ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு விடை இந்தத் தாளில் இருந்தது. நம் ஊரில் அறுவை அரங்கு, ஐ.சி.யூ., பிரசவ அறை, டயாலிசிஸ் என்று பல இடங்களில் ஷூவை வாசலில் கழற்றிவிட்டுப் பொதுச் செருப்பு போடும் வழக்கம் இருக்கிறது. வெளிநாட்டு ஷூ ஆலோசனைகளைப் படித்துவிட்டு நம் செவிலியர்களுக்குச் சொன்னால் பலிக்காமல் போவதற்கு இது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். அங்கே சொந்த ஷூவோடு உள்ளே போகிறார்கள். இங்கே ஷூ வாசலிலேயே நின்றுவிடுகிறது.

மூன்று இடத்துக்கு மூன்று தீர்வு

ஐ.சி.யூ.வுக்குள் போட இன்னொரு ஜோடி தேவை. வெளியே போகவே போகாத, உள்ளேயே இருக்கும், அவருக்கு மட்டும் சொந்தமான ஜோடி. இதற்கு மருத்துவமனையின் சம்மதம் வேண்டும். நர்சிங் சூப்பிரண்டிடம் முதலில் கேட்டபோது, தொற்றுக் கட்டுப்பாட்டு விதி என்று மறுத்துவிட்டார்கள். தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரையும் வைத்துப் பேசிய பிறகுதான் வழி பிறந்தது. வெளித்தூசி உள்ளே வரக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் போடும், யாரும் கழுவாத செருப்பைவிட, பெயர் எழுதி, டூட்டி முடிந்ததும் கிருமிநாசினியால் துடைத்து, தனி ரேக்கில் வைக்கும் ஒரு ஜோடி எந்த வகையில் மோசம்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1999-லேயே, அறுவைக் காயத் தொற்றைத் தடுப்பதற்கென்று ஷூ உறை போட வேண்டாம் என்று வழிகாட்டியிருக்கிறது. தரைக்கும் தொற்றுக்கும் உள்ள தொடர்பு நாம் பயப்படும் அளவுக்கு நேரடியானது அல்ல. இப்படிப் பேசிப் பேசி, கேட்கிறவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

உள்ளே போடத் தேர்ந்தெடுத்தது முன்பக்கம் மூடிய, மேலே துளை இல்லாத, பின்பட்டை உள்ள கிளாக் (clog) வகைக் காலணி. துளையுள்ள மாடலை மறுத்ததற்குக் காரணம் எந்தச் செவிலியருக்கும் தெரியும்: ஊசி கீழே விழும், ரத்தம் சொட்டும். வலைத்துணி ஷூவுக்கும் அதே ஆட்சேபம். துடைத்தால் சுத்தமாகும் மேல்பரப்பு, ஓரளவு உயர்ந்த குதிகால், விரல் விரிந்து உட்கார இடம் இவ்வளவும் பார்த்தோம். உள்ளே ஒரு சிலிக்கான் குதிகால் கிண்ணம் வைத்தோம். பின்பட்டையை எப்போதும் பின்னால்தான் போட வேண்டும், மேலே தூக்கி விட்டுவிடக் கூடாது என்பதைப் பல முறை சொல்ல வேண்டியிருந்தது. பட்டை இல்லாமல் போட்டால் பழைய கவ்வல் திரும்ப வந்துவிடும்.

வழுக்காத அடி சோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குதிகால் வலிக்காக ஷூ தேடும்போது மறந்துபோகும் விஷயம் இது. வலைத்துணி ஷூவின் மென்மையான சோல், துடைத்த ஈரத் தரையில் இரண்டு முறை அவரைச் சறுக்க வைத்திருக்கிறது. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை ஊழியர்கள் 4,500-க்கும் மேற்பட்டவர்களை வைத்து யார்க் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. வழுக்காத சோல் உள்ள ஷூ கொடுக்கப்பட்டவர்களிடம் சறுக்கல் 37 சதவீதம் குறைந்தது. கடையில் இதைக் கண்டுபிடிக்க, ஷூவில் எஸ்.ஆர்.சி. என்ற குறி (பழைய ஐரோப்பியத் தரத்தின் குறி இது; 2022-ல் வந்த புதிய தரத்தில் இது இல்லை, எஸ்.ஆர். என்ற குறிதான்) இருக்கிறதா என்று பார்க்கலாம். எஸ்.ஆர்.சி. இருந்தால், சோப்புத் தண்ணீர் ஊற்றிய செராமிக் தரை, கிளிசரின் பூசிய எஃகுத் தரை இரண்டிலும் தேறியது என்று அர்த்தம். இந்தியத் தர நிர்ணயத்தில், பணியிடக் காலணிகளுக்கு ஐ.எஸ். 15298-இன் நான்காம் பகுதி இருக்கிறது. செவிலியர் ஷூ என்று பெயர் போட்டு விற்பதால் மட்டும் இந்தத் தகுதி வந்துவிடாது. குறியைத் தேடிப் பாருங்கள்.

வீட்டுக்கு எம்.சி.ஆர்., அதாவது நுண்ணறை ரப்பர் செருப்பு. தமிழ்நாட்டில் எந்த ஊர் மருந்துக் கடையிலும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இதன் பின்னால் நம் மண்ணின் பெரிய உழைப்பு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யிலும் பக்கத்துக் கரிகிரியிலும் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும், தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களில் புண் வராமல் காக்க வழி தேடியபோது கைக்கொண்ட பொருள்களில் இந்த நுண்ணறை ரப்பரும் ஒன்று. நல்ல எம்.சி.ஆர். மென்மையானது, கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் ஏறத்தாழ 15. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பாதியாக அமுங்கி, விட்டதும் எழ வேண்டும். அமுங்கியே கிடந்தால், அல்லது அமுங்கவே மறுத்தால், பெயர் மட்டும்தான் எம்.சி.ஆர். பின்பட்டை உள்ளதாக வாங்கினோம். அதைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, முதல் அடியே அதன் மேல்தான் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வீட்டுக்குள் செருப்பா என்று மாமியார் கேட்டிருக்கிறார். வீட்டுக்கென்றே வாங்கியது, தெரு மண் படாதது என்று சொன்னதும் ஒப்புக்கொண்டாராம். பூஜை அறைக்கு மட்டும் வெறுங்கால்.

போகவர அந்த ஐயாயிரம் ரூபாய் ஷூவே போதும். வார்டு டூட்டி போடும் வாரங்களுக்கு மட்டும் தோல் போன்ற மேல்பகுதியுள்ள, கயிறு கட்டும் ஒரு கறுப்பு ஷூ வாங்கச் சொன்னேன்.

கடையில் செய்தது

டூட்டி முடிந்த மாலையில், வீங்கிய காலோடு, டூட்டிக்குப் போடும் அதே சாக்ஸோடு கடைக்குப் போனார். முந்தைய நாள் மாலையே வெள்ளைத் தாளில் நின்றபடி இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்து கையில் வைத்திருந்தார். ஷூவின் இன்சோலை வெளியே எடுத்து அந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்து மிக நேர்மையான சோதனை. பாதப் படம் இன்சோலுக்கு வெளியே எங்கே பிதுங்குகிறதோ, அங்கே அந்த ஷூ காலைப் பிடிக்கும். நீளவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பெரிய பாதத்துக்குத்தான் சைஸ் பார்க்க வேண்டும்.

அப்புறம் மூன்று கைச் சோதனை. பின்பக்கத்தை அழுத்தினால் மடங்கக் கூடாது. முன்னும் பின்னும் பிடித்து வளைத்தால் விரல்மூட்டு இருக்கும் இடத்தில்தான் வளைய வேண்டும், நடுவில் மடங்கினால் திருப்பி வைத்துவிடலாம். துணி பிழிவதுபோல முறுக்கினால் எளிதில் முறுகக் கூடாது. மெமரி ஃபோம் என்று விற்பனையாளர் பெருமையாகச் சொல்வதற்கு மயங்க வேண்டாம். கடையில் இரண்டு நிமிடம் நிற்கும்போது சொர்க்கமாக இருக்கும். எட்டு மணி நேரப் பாரத்தில் அமுங்கித் தரைமட்டமாகிவிடும்.

இன்னொன்று, ஆஃபரில் கிடைக்கிறதே என்று இரண்டு ஜோடி வாங்கி ஒன்றைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். பாலியூரித்தேன் சோல் நம் ஊர் ஈரப்பதத்தில் போடாமல் வைத்தாலே சிதைந்து, ஒருநாள் எடுத்து மாட்டும்போது பொலபொலவென்று உதிரும். இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடுவதே நல்லது, வியர்வையும் காயும்.

பாதத்தை அளவெடுத்துச் செய்து தரும் விலை உயர்ந்த இன்சோல் வேண்டுமா என்று கேட்டார். ஆஸ்திரேலியாவில் 2006-ல் வெளியான ஒரு ஆய்வில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஆயத்த இன்சோலுக்கும் அளவெடுத்துச் செய்ததற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்தப் பணத்தை நல்ல இரண்டாவது ஜோடிக்குச் செலவழிக்கலாம்.

கூடவே செய்த பயிற்சி

கட்டிலை விட்டு இறங்கும் முன் காலை மறுகால் மேல் போட்டு, விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடிப்பது, பத்துத் தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள், மாடிப்படி ஓரத்தில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு குதிகாலை மெதுவாகத் தூக்கி இறக்குவது. டென்மார்க்கில் 2014-ல் இந்தத் துண்டுப் பயிற்சியை வெறும் நீட்டல் பயிற்சியோடு ஒப்பிட்டார்கள். மூன்றாவது மாதத்தில் துண்டுப் பயிற்சி செய்தவர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள், ஒரு வருடத்தில் இரண்டும் சமமாகிவிட்டது. சீக்கிரம் குறைய வேண்டும் என்பவருக்கு அந்த மூன்று மாதம் பெரிது.

என்ன ஆனது

ஆறாவது வாரத்தில் காலை முதலடி வலி 8-லிருந்து 5. பன்னிரண்டாவது வாரத்தில் 2. கணுக்கால் மடக்கம் வலது பக்கம் 8 டிகிரிக்கு வந்தது. ஆறாவது மாதத்தில் பெரும்பாலான நாள்களில் வலி இல்லை. தொடர்ந்து நைட் டூட்டி வரும் வாரங்களில் 3 வரை ஏறி இறங்குகிறது. இரண்டாவது ஊசி போடவில்லை. எடை 65. சர்க்கரைக்கு நடைப்பயிற்சி தொடங்க வேண்டும் என்று அவருடைய மருத்துவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கால் வலி குறைந்த பிறகுதான் அது முடிந்தது.

ஷூவையும் பயிற்சியையும் ஒரே நேரத்தில் தொடங்கியதால் எது எவ்வளவு உதவியது என்று இந்த நிகழ்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. இந்த வலி பலருக்கு ஒரு வருடத்தில் தானாகவும் தணியும். ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். நான்காவது மாதத்தில் கிளாக்கின் பட்டை அறுந்து, ஒரு வாரம் மறுபடி பொதுச் செருப்புக்குப் போனார். பயிற்சியை விடவில்லை. அந்த வாரம் வலி 5-க்கு ஏறியது, புது ஜோடி வந்ததும் இறங்கியது. நிரூபணம் என்று இதைச் சொல்லவில்லை. காலடிக் கணக்கு எழுதச் சொல்லி எல்லோரையும் வற்புறுத்த எனக்கு இது போதும்.

உட்காருவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2021-ல் தமிழக அரசு கடை, நிறுவன ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. ஜவுளிக்கடைப் பெண்களின் கால்கள் பற்றி அப்போது நிறையப் பேசினோம். ஐ.சி.யூ. கட்டிலோரம் ஒரு உயர ஸ்டூல் போட்டால், சார்ட் எழுதும் நேரமாவது சிஸ்டர் உட்காரலாமே என்று கேட்க அதே நியாயம்தான் இருக்கிறது. எந்த ஷூவாலும் தர முடியாத ஓய்வு அது. இவருடைய ஐ.சி.யூ.வில் இரண்டு ஸ்டூல் வந்திருக்கிறது. இன்சார்ஜ் சிஸ்டர் சொல்லிப் போட வைத்தது.

யாருக்கு இது பொருந்தாது

இரண்டு குதிகாலும் சேர்ந்து வலித்து, காலையில் முதுகும் அரைமணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால், குறிப்பாக வயது நாற்பதுக்குள் என்றால், அது வாத நோயாக இருக்கலாம். ஷூ கடைக்குப் போகும் முன் மருத்துவரிடம் போங்கள். மரமரப்பு, எரிச்சல், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி என்றால் நரம்பைப் பார்க்க வேண்டும். திடீரென்று 'டப்' என்று அறுந்த மாதிரி உணர்ந்து கால் ஊன்ற முடியாமல் போனால் அன்றே காட்ட வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் புது ஷூவை முதல் நாளே முழு டூட்டிக்குப் போடக் கூடாது. ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் நேரத்தைக் கூட்ட வேண்டும். கர்ப்பமாக இருக்கும் செவிலியர்களுக்குப் பாதம் நீளமும் அகலமும் கூடலாம், பிரசவத்துக்குப் பிறகு அது பழையபடி ஆகாமலும் போகலாம். அதனால் திரும்ப டூட்டியில் சேரும்போது பழைய சைஸை நம்பாமல் தாளில் பாதத்தைப் புதிதாக வரைந்து பார்த்துக்கொள்ளுங்கள்.